கிஷ்கிந்தையைக் கட்டியது யார்?

யுத்தங்களில் பல தினுசு உண்டு. மண்ணுக்காக நடந்த யுத்தங்களும் பொன்னுக்காக நடந்த யுத்தங்களும் சரித்திரப் புத்தகங்களில் இடம் பெற்றுவிட்டன. தாம்பரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில், மத்தியான இடைவேளைதோறும் நடந்து வரும் யுத்தம் மட்டும் இதுவரையில் எந்தச் சரித்திர ஆசிரியரின் கண்ணிலும் படவில்லை. அது கண்ணால் பாராத கோட்டைகளுக்காக நடக்கும் யுத்தம். ஆயுதம் நாக்கு ஒன்றுதான். இரத்தச் சேதம் கிடையாது. சாம்பார் சாதம் ஆறிப்போவதுதான் சேதம்.

விஷயம் இதுதான். இக்காலத்துச் சினிமாப் படங்கள் ஒன்றோடு நிற்பதில்லை. ஒரு கதை ஜெயித்துவிட்டால் அதற்கு இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று சந்ததி விருத்தியாகிக்கொண்டே போகிறது. படம் ஓடி முடிந்த பிறகும் ஜனங்களின் ஆசை அடங்குவதில்லை. ஆகவே மேல்நாட்டுக் கம்பெனிக்காரர்கள் அந்தப் படங்களில் வரும் கோட்டை, கப்பல், காடு எல்லாவற்றையும் கேளிக்கைப் பூங்காக்களாகக் கட்டி, “திரையில் பார்த்தீர்கள் அல்லவா? இப்போது உள்ளே வந்து நடந்து பாருங்கள்” என்று அழைக்கிறார்கள். எந்தப் படவரிசை உயர்ந்தது, எந்தப் பூங்கா உயர்ந்தது என்பதுதான் எங்கள் வேப்பமரத்தடிச் சர்ச்சை.

ஒரு கட்சி ‘ஹாரி பாட்டர்’ கட்சி. அமெரிக்காவில் ஓர்லாண்டோ நகரத்தில் 2010-ஆம் வருஷம் திறக்கப்பட்ட மந்திரப் பள்ளிக் கோட்டைக்கு ஈடு இணை இல்லை என்பது அவர்கள் சித்தாந்தம். மற்றொரு கட்சி ‘மார்வெல்’ கட்சி. கலிபோர்னியாவில் டிஸ்னி கம்பெனியார் 2021-இல் திறந்த ‘அவெஞ்சர்ஸ் காம்பஸ்’ அவர்களுக்குக் கைலாசம். மூன்றாவது, சுதேசிக் கட்சி. “ஹைதராபாத்துக்கு அருகே ராமோஜி பிலிம் சிட்டியில் ‘பாகுபலி’ அரண்மனையைப் படம் முடிந்த பிறகும் ஜனங்கள் பார்ப்பதற்காக வைத்தார்களே, அது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா?” என்பது அவர்கள் கேள்வி.

கட்சிகளுக்கு நடுவில் ஒரே ஒரு பையன் மட்டும் வாய் திறப்பதில்லை. அவன் தன் சித்தப்பா வீட்டுக்குச் சிங்கப்பூர் சென்றிருந்தபோது செந்தோசாத் தீவில் உள்ள யூனிவர்சல் பூங்காவுக்கே போய் வந்தவன். கண்டவன் பேசவில்லை, பேசியவர்களோ கண்டதில்லை! ஒரு நாள் எல்லோருமாக அவனைப் பிடித்து உலுக்கினார்கள். அவன், “ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம். ஜுராசிக் படகில் ஏறினோம். நனைந்தோம். இறங்கினோம். நன்றாகத்தான் இருந்தது” என்றான். இவ்வளவு சுருக்கமான யாத்திரைக் கட்டுரையை நான் படித்ததில்லை.

தமிழ் ரஸிகர்கள் சும்மா இருப்பார்களா? லோகேஷ் கனகராஜ் எடுத்த ‘கைதி’, ‘விக்ரம்’, ‘லியோ’ ஆகிய மூன்று படங்களும் ஒரே உலகத்தில் நடப்பவை என்பதால், அதற்கும் ஒரு பூங்கா வேண்டும் என்று ஒருவன் முன்மொழிந்தான். “அதில் என்ன சவாரி வைப்பாய்?” என்று கேட்டேன். “ராத்திரி முழுவதும் லாரி ஓடும், ஸார். நடுவில் இறங்கி வாளியிலிருந்து பிரியாணி சாப்பிடலாம்” என்றான். அதற்கு ஆட்சேபணை தெரிவிக்க எந்தக் கட்சியிலும் ஆள் இல்லை.

சிரித்துக்கொண்டே கலைந்திருப்போம். ஆனால் அதுவரையில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து, “ஸார், இதெல்லாம் நம்மவர்களுக்குக் கட்டத் தெரியாதா? நம் ஊரில் ஒன்றுமே இல்லையே” என்றாள். விளையாட்டாகக் கேட்ட கேள்வி அன்று. அவள் முகத்தில் ஒரு சிறு அவமானம் தெரிந்தது. அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரை எழுதும்படி செய்தது. குழந்தைகள் அயல்நாட்டுக் கதையை ரஸிப்பதில் பிசகு ஒன்றும் இல்லை. நல்ல கதைக்குச் சுங்கச்சாவடி கிடையாது. ஆனால், “நம்மவர்களால் ஆகாது” என்று பதினாலு வயதிலேயே ஒரு பெண் முடிவு கட்டிவிட்டால், அது எந்தப் பரீட்சையில் தோற்பதைக் காட்டிலும் பெரிய தோல்வி.

நான் அவளை மேல்மாடிக்கு அழைத்துச் சென்று மேற்குத் திசையைக் காட்டினேன். “அதோ, அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் தர்காஸ் என்று ஓர் இடம். அங்கே என்ன கட்டினார்கள் தெரியுமா?” என்று கேட்டேன். “கிஷ்கிந்தா” என்று பின்னால் வந்த நாலைந்து குரல்கள் சொல்லின. முடிச்சூர்ப் பக்கத்திலிருந்து வரும் பையன் மட்டும், “அதில் கதை ஏது ஸார்? வெறும் சறுக்குமரமும் தண்ணீரும்தானே?” என்று உதட்டைப் பிதுக்கினான். “அதைக் கட்டியது யார்?” என்றேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

வாசகர்களில் பலருக்கும் தெரிந்திராது. ஆகையால் சொல்லுகிறேன்.

மலையாள நாட்டில் ஆலப்புழையில் 1947-இல் ‘உதயா’ என்னும் சினிமா ஸ்டூடியோவைத் தோற்றுவித்தவர் குஞ்சாக்கோ. அவருடைய தம்பி அப்பச்சன். தமையனாரோடு இருந்து தொழில் பழகிய அப்பச்சன், பிறகு ‘நவோதயா’ என்ற பெயரில் தனியே படம் எடுக்கத் தொடங்கினார். 1978-இல் அவர் எடுத்த ‘தச்சோளி அம்பு’ மலையாளத்தில் முதலாவது சினிமாஸ்கோப் படம். 1982-இல் வெளிவந்த ‘படையோட்டம்’ 70 மில்லிமீட்டர்ப் படம். அதற்கு டைரக்டர் அவருடைய குமாரர் ஜிஜோ. ஒவ்வொரு தடவையும், “இதை நம் ஊரில் செய்ய முடியாது” என்று பிறர் சொல்லும் காரியத்தையே எடுத்துக்கொள்வது அந்தக் குடும்பத்தின் வழக்கம் போலிருக்கிறது.

1984 ஆகஸ்டில் அந்த வழக்கம் உச்சத்துக்குப் போயிற்று. ஜிஜோ டைரக்ட் செய்த ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ வெளிவந்தது. இந்தியாவில் தயாரான முதல் முப்பரிமாணப் படம் அதுதான். ஒளிப்பதிவு செய்தவர் அசோக் குமார். இசை அமைத்தவர் இளையராஜா. கலை இயக்குநர் கே. சேகர். குழந்தைகளோடு சிநேகமாகிவிடும் ஒரு குட்டிச்சாத்தானின் கதை. திரையிலிருந்து பொருள்கள் நீண்டு வந்து மூக்கைத் தொடுவது போலத் தோன்றியதும், கொட்டகை முழுவதும் கைகள் எழுந்து ஆகாயத்தைத் துழாவியதும் அந்தத் தலைமுறையார் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழும் சமாசாரம்.

அந்த வித்தையின் தத்துவம் எளிது. நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் ஆறு சென்டிமீட்டர் தூரம் இருக்கிறது. ஆகையால் ஒரே பொருளை ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறு கோணத்தில் பார்க்கிறது. அவ்விரண்டு காட்சிகளையும் மூளை ஒன்று சேர்க்கும்போதுதான் ஆழம் தெரிகிறது. முப்பரிமாணப் படத்தில் இரண்டு காட்சிகளையும் திரைமேல் ஒன்றாக வீசுகிறார்கள். ஒன்றின் ஒளி ஒரு திசையில் அதிரும். மற்றதன் ஒளி அதற்குக் குறுக்கே அதிரும். நாம் போட்டுக்கொள்ளும் கண்ணாடியின் ஒவ்வொரு சில்லும் தனக்குரிய காட்சியை உள்ளே விட்டு, மற்றதைத் தடுத்துவிடுகிறது. பாக்கி வேலையை நம் மூளை சம்பளம் கேட்காமல் செய்து முடிக்கிறது.

தத்துவம் எளிதானாலும் காரியம் எளிதாயிருக்கவில்லை. ஒருவர் போட்ட கண்ணாடியை மற்றவர் போட்டால் ‘மெட்ராஸ் ஐ’ என்கிற கண்வலி பரவும் என்று வதந்தி கிளம்பிற்று. ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கண்ணாடிகளைச் சுத்தி செய்கிறோம் என்று ஜனங்களுக்குத் தைரியம் சொல்வதற்காகப் படத்தின் ஆரம்பத்தில் ஒரு துண்டுக் காட்சியைச் சேர்த்தார்கள். மலையாளத்தில் பிரேம் நஸீரும் தமிழில் ரஜினிகாந்தும் தோன்றி அதை எடுத்துச் சொன்னார்கள். புதுமை செய்கிறவன் பொருளை உண்டாக்கினால் மட்டும் போதாது. அதைச் சுற்றி எழும் பயத்தையும் தீர்த்து வைக்க வேண்டும்.

அந்தப் படத்தில் இன்னொரு அதிசயம் உண்டு. ஒரு பாட்டு நடக்கும்போது குழந்தைகள் சுவரில் ஏறி நடக்கிறார்கள். உத்தரத்தில் தலைகீழாக உலவுகிறார்கள். மறுபக்கத்துச் சுவர் வழியாக இறங்கி வருகிறார்கள். கம்ப்யூட்டர் தந்திரங்கள் வருவதற்கு முற்பட்ட காலம் அது. அறை முழுவதையும் சுழலக்கூடிய பெரிய இரும்புச் சட்டத்துக்குள் கட்டினார்கள். காமிராவை அறையோடு சேர்த்து இறுக்கினார்கள். அறை சுழலச் சுழலக் குழந்தைகள் எப்போதும் கீழ்ப்பக்கத்திலேயே நடந்தார்கள். ஆனால் காமிராவும் கூடவே சுழன்றபடியால், அறை அசையாதது போலவும், குழந்தைகள் சுவரேறுவது போலவும் படத்தில் தெரிந்தது. 1951-இல் பிரெட் அஸ்டேர் என்ற அமெரிக்க நடிகர் ஒரு படத்தில் இதே யுக்தியால் உத்தரத்தில் நடனம் ஆடியிருக்கிறார். அவர் ஆடியதை நம்மவர்கள் குழந்தைகளைக் கொண்டு, அதுவும் முப்பரிமாணத்தில், செய்து காட்டினார்கள்.

அதே அப்பச்சன்தான் 1995-இல் நம் தாம்பரத்துக்கு மேற்கே, சுமார் 120 ஏக்கர் நிலத்தில், ‘கிஷ்கிந்தா’ என்ற கேளிக்கைப் பூங்காவை ஏற்படுத்தினார். சினிமாவில் அதிசயம் காட்டிய ஒருவர், அடுத்தபடியாக ஜனங்கள் உள்ளே புகுந்து விளையாடும்படியான அதிசயத்தைக் கட்ட நினைத்தார். அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி செய்ததும் இதுவே. பல வருஷங்கள் சித்திரப் படங்கள் எடுத்த பிறகுதான், 1955 ஜூலையில் அவர் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்தைத் திறந்தார். அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கலாம். ஆனால் போன பாதை ஒன்றே. எங்கள் வேப்பமரத்தடி வீரர்கள் கடல் கடந்து தேடிக்கொண்டிருந்த சமாசாரம் இங்கே வீட்டுக் கொல்லையிலேயே நடந்திருக்கிறது!

கிஷ்கிந்தா திறந்த மறு வருஷம் நான் பத்தாம் வகுப்புப் பையன். பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை அங்கே அழைத்துப் போனார்கள். அலைக்குளத்தில் செயற்கை அலை முதன்முதலாக எழுந்தபோது, மெரீனாவையே பார்த்து வளர்ந்த நாங்கள் அலையைக் கண்டறியாதவர்கள் மாதிரிக் கூச்சல் போட்டோம். அன்று எங்களில் ஒருவரும், “இதில் கதை ஏது?” என்று கேட்கவில்லை, குட்டிச்சாத்தானைக் குழந்தைப் பருவத்தில் பார்த்திருந்தும், இரண்டையும் செய்தவர் ஒருவரே என்பதை அறியவும் இல்லை. அப்பச்சன் 2012-இல் காலமானபோது பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்கு உண்டான வெட்கத்துக்கு இந்தக் கட்டுரை ஒரு பிராயச்சித்தம்.

ஆனால் முடிச்சூர்ப் பையன் எழுப்பிய ஆட்சேபம் இருக்கிறதே, அதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. நம்முடைய பூங்காக்களில் விளையாட்டு இருக்கும் அளவுக்குக் கதை இல்லை என்பது உண்மை. ஓர்லாண்டோவில் கோட்டைக்குள் வரிசையில் நிற்பதே கதையின் ஓர் அத்தியாயம்; சவாரி அடுத்த அத்தியாயம். நம் கடற்கரைச் சாலையைப் பாருங்கள். முட்டுக்காட்டில் உள்ள பூங்காவுக்கு ‘எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்ட்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலேயே அமெரிக்காவின் எதிரொலி கேட்கிறது. எதிரொலிக்குச் சொந்தக் குரல் ஏது?

இதற்குக் காரணம் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். மேல்நாட்டில் ஒரு படவரிசை இருபது வருஷம் நடக்கிறது. அந்தக் கதையின் உரிமையும் ஒரே கம்பெனியிடம் இருக்கிறது. ஆகையால் கோட்டை கட்டுவதற்குப் பணம் போட அவர்களுக்குத் துணிவு வருகிறது. நம் ஊரில் ஒரு படம் ஓடி முடிந்ததும், கொட்டகைக்காரர் சுவரொட்டியைக் கிழிப்பதற்கு முன்பே அடுத்த படம் வந்துவிடுகிறது. அரங்கைப் பிரித்து மரத்தை விற்றுவிடுகிறோம். சில சமயம் சக்கரம் நேர் எதிராகவும் சுழல்வதுண்டு. செம்பரம்பாக்கத்துக்கு அருகே கேளிக்கைப் பூங்காவாகத் தொடங்கிய ஈ.வி.பி. என்ற இடம், பிறகு சினிமா எடுக்கும் நகரமாக மாறிவிட்டது.

கதையிலிருந்துதான் சவாரி பிறக்க வேண்டும் என்ற விதியும் கிடையாது. டிஸ்னிலாந்தில் ‘கரீபியன் கடற்கொள்ளைக்காரர்கள்’ என்ற படகுச் சவாரி 1967-லேயே வந்துவிட்டது. அதிலிருந்து கதை புனைந்து 2003-இல் சினிமாப் படம் எடுத்தார்கள். அதாவது, அங்கே ராட்டினம் தாய், படம் குழந்தை. ஆகவே, “நமக்குப் பெரிய படவரிசை இல்லை, அதனால் பூங்கா இல்லை” என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்கு நியாயம் இல்லை.

கட்டும் திறமை நம்மவர்களுக்கு நேற்று வந்ததும் அல்ல. டிஸ்னிலாந்து திறப்பதற்கு ஏழு வருஷத்துக்கு முன்பே, 1948-இல், எஸ். எஸ். வாசன் ஜெமினி ஸ்டூடியோவில் ‘சந்திரலேகா’வை எடுத்து முடித்துவிட்டார். ஆள் உயரத்துக்கு மேற்பட்ட முரசங்களை வரிசை வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் பெண்களை ஆடவைத்து, கடைசியில் அந்த முரசங்களுக்குள்ளிருந்து வீரர்களைக் குதிக்கவிட்ட காட்சியை மறக்க முடியுமா? அந்த ஸ்டூடியோ இன்று இல்லை. பக்கத்திலுள்ள மேம்பாலத்தை மட்டும் பட்டணத்து ஜனங்கள் ‘ஜெமினி பிரிட்ஜ்’ என்று அழைத்து அதன் பெயரைக் காப்பாற்றி வருகிறார்கள்.

இவ்வளவையும் வகுப்பில் பிரசங்கம் செய்தேனானால், பிள்ளைகள் கொட்டாவி விட்டிருப்பார்கள். நான் பௌதிகம் போதிக்கிறவன். ஆகையால் வேறு வழியில் இறங்கினேன். மறுநாள் கடையிலிருந்து ஒரு பிஸ்கோத்து அட்டைப்பெட்டி வாங்கிச் சென்றேன். ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, உள்ளே வர்ணக் காகிதம் ஒட்டி, ஜன்னலும் கதவும் வரைந்து, அதை ஓர் அறையாக்கினார்கள் பிள்ளைகள். என்னுடைய கைப்பேசியைத் திறந்த பக்கத்தில் பெட்டியோடு சேர்த்து, உள்ளே பார்த்தபடி கட்டினோம். அறைக்குள் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து, காமிராவை ஓடவிட்டு, பெட்டியை மெதுவாகச் சக்கரம் போல் சுற்றினோம். பிறகு எடுத்துப் பார்த்தால், அறை அசையாமல் நிற்கிறது. எலுமிச்சம்பழம் சுவரில் ஏறி, உத்தரத்தில் உருண்டு, மறுபக்கம் இறங்குகிறது! வகுப்பில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டு அடுத்த அறை ஆசிரியர் எட்டிப் பார்த்தார். அவரையும் இரண்டு சுற்றுப் பார்க்க வைத்துத்தான் அனுப்பினோம்.

அப்போதுதான் சிங்கப்பூர் சென்று வந்த அந்த மௌனப் பையன் வாய் திறந்தான். “ஸார், இந்தப் பெட்டியை நாம் கையால் சுற்றிவிட்டோம். நிஜ அறையில் குழந்தைகள் நடந்துகொண்டிருக்கும்போது, அதைச் சுற்றியவர்கள் யார்? சற்று வேகமாகச் சுற்றிவிட்டால் குழந்தைகள் விழுந்துவிடுவார்களே?” என்று கேட்டான்.

அடடா! இத்தனை நாள் நடந்த சர்ச்சையில் ஒருவரும் கேட்காத கேள்வி இதுதான். எந்தக் கதாநாயகன் பலசாலி, எந்தக் கோட்டை உயரம் என்று ஆராய்ந்தோம். அந்த அதிசயத்தைச் சுற்றுகிற கை யாருடையது என்று கேட்டோமா? பெட்டியைத் தன் கையால் சுற்றிப் பார்த்தவனுக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றுகிறது.

அந்தக் கைகளைப் பற்றிச் சற்றுக் கசப்பான சமாசாரத்தையும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது என்று எண்ணிச் சொன்னேன். 2016 மே மாதத்தில் இதே கிஷ்கிந்தாவில் ஒரு ராட்டினத்தைச் சோதனைக்காக ஓட்டிப் பார்த்தபோது விபத்து நேர்ந்தது. ஊழியர் ஒருவர் உயிர் இழந்தார். பலர் காயம் அடைந்தார்கள். 2020 பிப்ரவரியில் ஈ.வி.பி. சினிமா நகரத்தில் ‘இந்தியன் 2’ படப்பிடிப்பின்போது பாரந்தூக்கி சரிந்து மூன்று பேர் மாண்டார்கள். ராட்டினத்தில் ஏறி நாம் கூச்சல் போடும்போது, நமக்கு முன்னால் அதில் ஏறிச் சோதித்தவர் ஒருவர் இருக்கிறார். நாம் பத்திரமாக இறங்குவதற்குப் பெயர் தெரியாத அந்த மனிதர்தான் பொறுப்பு. அவருக்கு இரும்பு உடுப்பு கிடையாது, மந்திரக்கோலும் கிடையாது. நல்ல திருகாணியும், போதுமான நேரமும், “இது சரியாக இல்லை, இன்று ஓட்டக் கூடாது” என்று சொல்லுவதற்கு உரிமையும் கொடுத்தால் போதும்.

இஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. பூங்காவுக்குப் போன குடும்பங்கள் எதை ஞாபகம் வைத்திருக்கின்றன? ராட்டினத்தையா? வாசலில் மீசையும் தலைப்பாகையுமாக, கண் இமைக்காமல் நின்ற சிலை மனிதரைத்தானே? எத்தனை குழந்தைகள் அவரைச் சிரிக்க வைக்க முயன்று தோற்றுப்போயின! அவர் ஒரு தொழிலாளி. வெயிலில் மணிக்கணக்கில் நிற்பது அவருடைய தொழில். தென்சென்னைப் பூங்காக்களில் எல்லாவற்றிலும் பெரிய அதிசயம் ஒரு மனிதருடைய பொறுமை என்றால் அது மிகையாகாது.

இந்த விஷயத்தில் மேல்நாட்டாரிடமிருந்து நாம் கற்க வேண்டியதும் ஒன்று உண்டு. லண்டனுக்கு வடக்கே லீவ்ஸ்டன் என்ற இடத்தில், ஹாரி பாட்டர் படங்கள் எடுத்த ஸ்டூடியோவிலேயே, 2012-ஆம் வருஷம் ஒரு காட்சிசாலை திறந்தார்கள். அங்கே ராட்டினம் முக்கியம் இல்லை. கோட்டையின் மாதிரி உருவைச் செதுக்கியவர்கள், உடை தைத்தவர்கள், பொய்மயிர் பின்னியவர்கள், பூதங்களுக்கு முகம் செய்தவர்கள் ஆகியோருடைய வேலைதான் அங்கே காட்சி. அதிசயத்தைக் காட்டிவிட்டு, அதைச் செய்த விதத்தையும் காட்டுகிறார்கள். அதனால் மாயம் குறைந்துவிடுகிறதா? இல்லை, பார்க்கிற குழந்தைக்கு, “இதை நானும் செய்யலாம் போலிருக்கிறதே!” என்ற தைரியம் பிறக்கிறது.

அப்படி ஒரு காட்சிசாலை நமக்கு வேண்டாமா? சுழலும் அறையின் மாதிரி ஒன்று, முரச நடனத்து முரசம் ஒன்று, வெள்ளித் திரையும் கண்ணாடியும் ஒரு ஜோடி, அவற்றைச் செய்த தச்சர், கொல்லர், மின்சாரத் தொழிலாளர் ஆகியோருடைய பெயர்ப் பலகை ஒன்று: இவ்வளவு இருந்தால் போதும். சென்னைக்குத் தெற்கே பூங்காக்கள் கட்டும் வேலை இன்னும் ஓய்ந்துவிடவில்லை. 2000-ஆம் வருஷம் கொச்சியில் ‘வீகாலாண்ட்’ என்று தொடங்கிய நிறுவனத்தார், 2025 டிசம்பரில் திருப்போரூருக்கு அருகே இள்ளலூரில் ‘வொண்டர்லா’ என்ற பெரிய பூங்காவைத் திறந்திருக்கிறார்கள். அவர்களும் மலையாள நாட்டவர்களே. நம் குழந்தைகளின் உல்லாசத்துக்கு இரண்டு தடவை அயல் மாகாணத்தார் வந்து மண் வெட்டினார்கள் என்பதில் நமக்குச் சந்தோஷமும் இருக்கலாம், கொஞ்சம் ரோஷமும் இருக்கலாம்.

ஆகவே ரஸிகர்களான பிள்ளைகளுக்கு என் விண்ணப்பம் இது. விவாதம் செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். ஒரு கதையின்மேல் உயிரை வைத்து வாதாடத் தெரியாதவனுக்கு, வேறு எதன்மேலும் உயிரை வைக்கத் தெரியாது. ஆனால் எந்த அதிசயத்தைப் பற்றிப் பேசினாலும் இரண்டு கேள்வியைக் கூடவே கேளுங்கள். இதைச் செய்தது யார்? இதில் ஏறுகிறவர்களைப் பத்திரமாக இறக்கிவிடுவது யார்? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தேடிப் புறப்பட்டவன் ரஸிகனாக மட்டும் நிற்கமாட்டான். கொஞ்ச தூரம் போனதும் தானே ஒரு சுத்தியலைக் கையில் எடுத்துவிடுவான்.

கடைசியில் ஒரு சிறு விஷயம். “கிஷ்கிந்தா என்று ஏன் ஸார் பெயர் வைத்தார்கள்?” என்று அந்தப் பெண் கேட்டாள். “வானரங்களின் ராஜ்யம் அல்லவா? தாவிக் குதிக்கிற இடத்துக்குப் பொருத்தமான பெயர்தானே?” என்றேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், என் விடை பாதி விடை என்று தெரிந்தது. கிஷ்கிந்தையின் வானரங்கள் தாவிக் குதித்ததோடு நிற்கவில்லை. சமுத்திரத்தின் குறுக்கே பாலம் கட்டினார்கள். அந்தப் பாலத்தைத் திட்டமிட்டவன் நளன் என்ற வானரன். விசுவகர்மாவின் குமாரன் என்று அவனுக்கு வம்சமும் சொல்லி, அந்தப் பாலத்துக்கு அவன் பெயரையே வைத்தார் வால்மீகி. கம்பரோ சேது கட்டிய கதைக்கென்று ஒரு படலமே பாடினார். இராவணனை வென்ற மகாகதையில், கல் சுமந்தவர்களையும் கட்டியவனையும் நம் கவிகள் மறக்கவில்லை.

மறுநாள் இதை அவளிடம் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியானால் நம்மவர்களுக்குக் கட்டத் தெரியும் ஸார், கட்டியவர்களைத்தான் நமக்குத் தெரியவில்லை” என்றாள்.

வேப்பமரத்தடியில் இப்போதும் யுத்தம் நடக்கிறது. சாம்பார் சாதமும் ஆறிப்போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் மரத்தடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு இரண்டு பக்கமும் சைக்கிள் சக்கரம் மாட்டினால் சீராகச் சுழலுமா என்று, பாட்டர் கட்சியும் மார்வெல் கட்சியும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கின்றன.